ஈயத்தின் இரு வார்ப்புகள்: குண்டும் எழுத்தும்

மொழி வரலாற்றைப் பயிலும் நாம் கல்லைப் பற்றிப் பேசுகிறோம். ஓலையைப் பற்றிப் பேசுகிறோம். தாளைப் பற்றியும் பேசுகிறோம். அத்தாளின்மீது எழுத்தைப் பதித்த உலோகத்தைப் பற்றிப் பேசுவது அரிது. ஏறத்தாழ 400 ஆண்டுகள் தமிழ் நூல்களைத் தாங்கி நின்ற அவ்வுலோகம் ஈயம். அதே ஈயம் அதே நூற்றாண்டுகளில் துப்பாக்கிக் குண்டாகவும் வார்க்கப்பட்டது. ஒரே உலையில் உருகி, ஒரே வகைக் கரண்டியால் முகந்து ஊற்றப்பட்டு, இரண்டு வேறு அச்சுகளுக்குள் சென்று இரண்டு வேறு பொருள்களாக அது வெளிவந்தது. குண்டு வார்ப்பின் வரலாற்றை இக்கட்டுரையில் முதன்மையாகப் பின்தொடர்கிறோம். அவ்வழியில் எழுத்து வார்ப்பை நாம் பலமுறை சந்திக்க நேரும்.

1. ஒரு சொல், இரண்டு உலோகங்கள்

தமிழில் ஈயம் என்னும் சொல் இரண்டு உலோகங்களுக்குப் பொதுவானது. கனமாகவும் கருமையாகவும் இருப்பது காரீயம். வெண்மையாக மின்னுவது வெள்ளீயம். மலாய் மொழியும் இதே வழியில் காரீயத்தைத் 'தீமா ஹீத்தாம்' என்றும் வெள்ளீயத்தைத் 'தீமா பூத்தே' என்றும் நிறத்தால் பிரிக்கிறது. பழைய இலத்தீன் மொழியிலும் இவ்விரண்டும் கறுப்பு ஈயம், வெள்ளை ஈயம் என்றே வழங்கின. நம் வீடுகளில் ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயத்தால் ஆனது. அதனைக் காரீயம் என்று மயங்கிக்கொள்ளுதல் கூடாது. காரீயம் உடலுக்கு நஞ்சு.

காரீயம் 327 பாகை செல்சியசில் உருகும். இது விறகடுப்பின் வெப்பத்துக்கு உட்பட்டதே. நீரைப்போல் 11 மடங்குக்கும் மேற்பட்ட அடர்த்தி உடையது. நகத்தால் கீறினாலும் தடம் பதியும் அளவுக்கு மென்மையானது. எளிதில் உருகும், கனமானது, மென்மையானது என்னும் இம்மூன்று பண்புகளே ஈயத்தைக் குண்டுக்கு உரியதாக்கின. இரும்பை உருக்கப் பெரிய உலை வேண்டும். ஈயத்தை உருக்க ஒரு சட்டியும் ஒரு கரண்டியும் ஓர் அச்சும் போதும். எனவேதான் குண்டு வார்ப்பு பல நூற்றாண்டுகளாக ஆலைக்குச் செல்லாமல் அடுப்படியிலேயே நடந்தது.

சொற்களையும் சற்றே நோக்குவோம். துப்பாக்கி என்பது துருக்கிய மொழியிலிருந்து பல வாயில்கள் வழியாக நம்மிடம் வந்தது. மலாய் மொழியில் 'செனாப்பாங்' டச்சுக்காரர் தந்தது. குண்டைக் குறிக்கும் 'பெலூரு' போர்த்துகீசியர் தந்தது. ஆயுதம் எவரிடமிருந்து வந்ததோ அவர் சொல்லும் அதனுடன் வந்தது. மலாயின் 'பெடில்' என்னும் சொல் வெடி, வெடில் என்னும் தமிழ்ச் சொற்களிலிருந்து பிறந்தது என்று கருதுவர். மேலும் ஓர் ஒற்றுமை உண்டு. தமிழில் வெடிக்கும் தூளை 'மருந்து' என்கிறோம்; மலாயிலும் நோய்க்குத் தரும் மருந்தைக் குறிக்கும் 'ஊபாட்' என்னும் சொல்லே வெடிமருந்துக்கும் ஆகிறது. குண்டு, வார்ப்பு, அச்சு ஆகிய சொற்களோ நம்முடையவை. உருண்டது எதுவும் குண்டு; ஊற்றி உருவாக்குவது எதுவும் வார்ப்பு; ஒரே வடிவைப் பலமுறை தருவது எதுவும் அச்சு. குண்டச்சுக்கும் எழுத்தச்சுக்கும் தமிழ் ஒரே சொல்லை வழங்கியது தற்செயலன்று. செயல்முறை ஒன்றே என்பதனால்தான்.

2. கவண் குண்டின்மீது எழுத்து

வெடிமருந்து தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே ஈயக் குண்டு தோன்றிவிட்டது. கிரேக்கரும் உரோமரும் கவணில் வைத்து எறிய ஈயத்தால் வாதுமைக் கொட்டை வடிவில் குண்டுகள் வார்த்தனர். இருபாதியாக அமைந்த அச்சின் உட்புறத்தில் எழுத்துகளைச் செதுக்கிவைத்தால், வார்க்கப்படும் குண்டுதோறும் அவ்வெழுத்துகள் புடைத்து நிற்கும். படைத்தலைவன் பெயர், நகரின் பெயர், இடியின் உருவம் ஆகியவை அவற்றில் காணப்படுகின்றன. பகைவனை நோக்கி 'வாங்கிக்கொள்' என்று ஏளனம் செய்யும் கிரேக்கச் சொல்லைத் தாங்கிய குண்டுகளும் கிடைத்துள்ளன.

கி.மு. 41-40ஆம் ஆண்டுகளில் இத்தாலியின் பெரூசியா நகரை ஒக்டேவியன் முற்றுகையிட்டபோது இருதரப்பாரும் எறிந்துகொண்ட ஈயக் குண்டுகள் இன்றும் கிடைக்கின்றன. எதிர்த்தரப்புத் தலைவர்களான லூசியஸ் அந்தோனியஸ், ஃபுல்வியா ஆகியோரை இழித்துரைக்கும் சொற்களும் அவற்றில் உண்டு. அச்சு நூல் தோன்ற 1,400 ஆண்டுகளுக்கு மேல் இருந்த காலத்தில், ஒரே வாசகத்தை ஈயத்தில் பன்முறை வார்த்து மக்கள் கூட்டத்தின்மீது பரப்பினர் என்பது சிந்திக்கத்தக்கது. எழுத்தும் குண்டும் அன்று ஒரே வார்ப்பில் இருந்தன.

3. ஈயம் தேடிய கைகள்

குண்டு வார்ப்போருக்கு எக்காலத்தும் இருந்த முதற்கவலை அச்சைப் பற்றியதன்று. ஈயம் எங்கே கிடைக்கும் என்பதே. சுரங்கம் தொலைவில் இருந்தால், அருகிலுள்ள ஈயப் பொருள் எதுவாயினும் உருக்கப்படும். கூரைத் தகடு, நீர்க்குழாய், சன்னல் சட்டம், மீன்வலையின் எடைக்கட்டி என்று பலவும் போர்க்காலங்களில் குண்டாயின.

இவற்றுள் கணக்கு மிகத் தெளிவாக எஞ்சியுள்ள நிகழ்ச்சி அமெரிக்காவில் நடந்தது. நியூயார்க் நகரில் 1770இல் நிறுவப்பட்ட மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் குதிரைமீதமர்ந்த சிலை, பொன்முலாம் பூசிய ஈயத்தால் ஆனது. விடுதலைச் சாற்றுரை நகரில் படிக்கப்பட்ட 1776 ஜூலை 9ஆம் நாள் மாலையில் மக்கள் அச்சிலையைக் கயிறிட்டு வீழ்த்தினர். ஈயத்தின் பெரும்பகுதி கனெக்டிகட் மாநிலத்தின் லிட்ச்ஃபீல்டு ஊருக்கு, ஆலிவர் வால்காட் என்பவரின் இல்லத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டது. அங்குப் பெண்களும் சிறுவர்களும் அதை உருக்கி வார்த்த குண்டுகளின் தொகை 42,088.

அக்கணக்கேடு ஒவ்வொருவர் வார்த்ததையும் தனித்தனியே குறிக்கிறது. ரூத் மார்வின் 11,592. வால்காட்டின் மகள் மேரி ஆன் 10,790. மற்றொரு மகள் லாரா 8,378. சிறுவனாகிய மகன் பிரெடரிக் 936. இவ்வெண்களை நாம் வகுப்பறையில் கரும்பலகையில் எழுதிப் பார்க்கலாம். போர் வரலாறு என்றால் தளபதிகளின் பெயர்ப் பட்டியல் என்று எண்ணும் மாணவர்க்கு, அடுப்பருகே நின்ற ஒரு சிறுவனின் 936 குண்டுகள் வேறொரு வரலாற்றைச் சொல்லும். ஈயப் புகையைச் சுவாசித்தவர்களும் அவர்களே என்பதையும் உடன் சொல்ல வேண்டும்.

இதனினும் நம் பொருளுக்கு நெருங்கியது கான்சஸ் நிலப்பகுதியில் நடந்தது. அங்கே அடிமைமுறையை எதிர்த்தோருக்கும் ஆதரித்தோருக்கும் மோதல் முற்றியிருந்தது. லாரன்ஸ் நகரில் அடிமைமுறையை எதிர்த்து வெளிவந்த 'விடுதலையின் தூதன்' என்று பொருள்படும் ஹெரால்டு ஆஃப் ஃபிரீடம் இதழின் அச்சகத்தை, 1856 மே 21ஆம் நாள் எதிர்த்தரப்பினர் புகுந்து அழித்தனர். அச்செழுத்துகள் ஆற்றில் வீசப்பட்டன. அதே ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள், இதழின் தரப்பினர் டைட்டஸ் கோட்டை என்னும் அரணைத் தாக்கியபோது, மீட்டெடுத்த அச்செழுத்துகளை உருக்கிப் பீரங்கிக் குண்டுகளாக வார்த்துச் சுட்டனர். இதழின் இரண்டாம் பதிப்பு வருகிறது என்று அவர்கள் கூவியதாகவும் சொல்லப்படுகிறது. எழுத்தை அழித்தவனுக்கு எழுத்தே குண்டாகத் திரும்பியது. இதனைக் கேட்டு மகிழ்வதா, எழுத்து குண்டானதை எண்ணி வருந்துவதா என்னும் வினா எளிதானதன்று. அவ்விதழின் தரப்பு அறத்தின் தரப்பு என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆயினும் அன்று உருகிய எழுத்துகளில் ஒன்றுகூட அதன்பின் எந்தச் சொல்லிலும் நிற்கவில்லை.

4. உருண்டையிலிருந்து கூம்புக்கு

தொடக்கக்காலத் துப்பாக்கிக் குண்டு உருண்டை வடிவானது. இருபாதி அச்சினை இடுக்கிபோல் மூடி, மேல்துளையில் ஈயத்தை ஊற்றி, ஆறியதும் திறந்து, வாயில் எஞ்சிய துண்டை வெட்டிவிட்டால் குண்டு ஆயத்தம். அச்சு குளிர்ந்திருந்தால் குண்டின் மேல் சுருக்கம் விழும். ஈயம் மிகச் சூடேறினால் மேற்பரப்பு உறைபனி படிந்ததுபோல் மங்கும். இரண்டுக்கும் இடையிலுள்ள பதத்தைக் கண்டறிவதே கைத்திறன். வேட்டைக்கு வேண்டிய சிறு ரவைகளை இவ்வாறு ஒவ்வொன்றாக வார்ப்பது இயலாது. பிரிஸ்டல் நகரின் ஈயக் கொல்லர் வில்லியம் வாட்ஸ் அதற்கொரு வழிகண்டு 1782இல் உரிமம் பெற்றார். உயர்ந்த கோபுரத்தின் மேலிருந்து உருகிய ஈயத்தைச் சல்லடை வழியே ஊற்றினால், துளிகள் விழும்போதே உருண்டு, கீழேயுள்ள நீரில் கெட்டியாகும். மெல்பர்ன் நகர வணிக வளாகத்தின் நடுவே கண்ணாடிக் கூம்பின்கீழ் நிற்கும் 50 மீட்டர் உயரச் செங்கற் கோபுரம் இத்தகைய ரவைக் கோபுரமே. அந்நகருக்குச் செல்லும் நம் மாணவர் பலர் அது என்னவென்று அறியாமலே அதன்கீழ் நின்று படம் எடுத்துக்கொள்கின்றனர்.

குழலின் உட்புறத்தில் திருகுப் பள்ளங்கள் வெட்டினால் குண்டு சுழன்று நேராகச் செல்லும் என்பது நெடுங்காலமாக அறியப்பட்டிருந்தது. ஆனால் பள்ளத்தைக் கவ்வும் அளவுக்குக் குண்டு இறுக்கமாக இருந்தால் குழல்வாய் வழியே அதை உள்ளே இடிப்பது கடினம். தளர்வாக இருந்தால் அது சுழலாது. இச்சிக்கலின் தீர்வில் தென்னிந்தியாவுக்கு ஒரு பங்குண்டு. ஆங்கிலேயரின் 34ஆம் படைப்பிரிவைச் சேர்ந்த கேப்டன் ஜான் நார்ட்டன் 1820களில் தென்னிந்தியாவில் பணியாற்றியபோது, உள்ளூர் மக்கள் பயன்படுத்திய ஊதுகுழல் அம்புகளை ஆராய்ந்தார். அம்பின் அடியில் நெகிழ்வான தாமரைத்தண்டு நெட்டி பொருத்தப்பட்டிருந்தது. ஊதும் காற்றால் அது விரிந்து குழலை அடைத்துக்கொள்ள, காற்று வீணாகாமல் அம்பை உந்தியது. அடிப்புறம் குழிந்த ஈயக் குண்டும் வெடிவளியால் அவ்வாறே விரியும் என்று நார்ட்டன் கருதினார்.

மலேசியப் பழங்குடி மக்களின் ஊதுகுழல் அம்பிலும் அடிப்புறத்தில் நெட்டி உண்டு. தமிழகத்து ஊதுகுழலின் பெயரையும் கேரளத்துத் 'தூம்பித்தான்' என்னும் பெயரையும் மலாய்ச் 'சும்பித்தான்' என்னும் சொல்லோடு இணைத்து, ஜேம்ஸ் ஹார்னல் என்னும் ஆய்வாளர் 1924இல் எழுதினார். கடல் கடந்த கருவியொன்று சொல்லையும் சுமந்து சென்றது என்பது அவர் கருத்து.

நார்ட்டனின் கருத்தை அவர் அரசு ஏற்கவில்லை. பிரெஞ்சு அதிகாரி குளோட் எத்தியேன் மினியே 1849இல் அடிகுழிந்த கூம்புக் குண்டை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலேய அரசு மினியேவுக்கு 20,000 பவுன் அளித்து அதைத் தனதாக்கியது. இக்குண்டு தளர்வாக உள்ளே இறங்கும். வெடித்ததும் அடி விரிந்து பள்ளங்களைக் கவ்வும். இதன் பயனாய்க் காலாட்படையின் குறி பன்மடங்கு நீண்டது. கிரிமியப் போரிலும் அமெரிக்க உள்நாட்டுப் போரிலும் உயிரிழப்பு பெருகியதற்கு இச்சிறு குழியும் ஒரு காரணம்.

இவ்வகைக் குண்டும் வெடிமருந்தும் தாளில் சுற்றப்பட்டுத் தோட்டாவாயின. தாள் வழுக்கிச் செல்லக் கொழுப்பு பூசப்பட்டது. அத்தாளைப் பல்லால் கடித்துக் கிழிப்பதே அன்றைய பயிற்சி முறை. என்ஃபீல்டு துப்பாக்கியின் தோட்டாவில் பசுவின் கொழுப்பும் பன்றியின் கொழுப்பும் கலந்துள்ளன என்னும் ஐயம் 1857இல் இந்தியப் படைவீரரிடையே பரவியது. ஏப்ரல் 24ஆம் நாள் மீரட் நகரில் 85 வீரர்கள் தோட்டாவைத் தொட மறுத்தனர். மே 10ஆம் நாள் கிளர்ச்சி வெடித்தது. கிளர்ச்சியின் காரணங்கள் பல. ஆயினும் அதற்குத் தீப்பொறியாய் அமைந்தது ஈயக் குண்டின்மேல் பூசிய கொழுப்பு. தம்முன் உள்ள மனிதரின் உள்ளத்தை அறியாத தொழில்நுட்பம் எவ்வாறு முடியும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

5. சுழல்துப்பாக்கியும் வீட்டு வார்ப்பும்

சாமுவேல் கோல்ட் 1836இல் அமெரிக்காவில் உரிமம் பெற்ற சுழல்துப்பாக்கி, குண்டு வார்ப்பை மீண்டும் தனிமனிதன் கைக்குக் கொண்டுவந்தது. ரிவால்வர் என்று நாம் வழங்கும் அக்கருவி அழகிய மரப்பேழையில் விற்கப்பட்டது. பேழைக்குள் துப்பாக்கியோடு வெடிமருந்துக் குடுவையும் குண்டச்சும் இருக்கும். அச்சில் இரண்டு பள்ளங்கள்: ஒன்று உருண்டைக்கு, மற்றொன்று கூம்புக்கு. 1849இல் வெளிவந்த சட்டைப்பை அளவுத் துப்பாக்கியின் குழல் 0.31 அங்குலம் மட்டுமே. வாங்கியவன் தானே ஈயம் தேடி, தானே வார்த்து, தானே நிரப்பிக்கொள்ள வேண்டும். சுழலும் அறையைவிடக் குண்டு சிறிது பெரிதாக வார்க்கப்படும். நெம்புகோலால் அழுத்தும்போது ஈயம் மெல்லிய வளையமாகச் சீவப்பட்டு அறையை இறுக அடைக்கும். அதற்குக் கலப்பற்ற மென்மையான ஈயமே ஏற்றது.

ஸ்மித் அண்டு வெஸ்ஸன் நிறுவனம் 1857இல் 0.22 அங்குலக் குண்டைக் கொண்ட உலோகத் தோட்டாவுக்கான முதல் சுழல்துப்பாக்கியை வெளியிட்டபோது நிலைமை மாறியது. விளிம்பில் எரியூட்டியை உடைய அச்சிறு தோட்டாவை வீட்டில் மீண்டும் நிரப்புதல் எளிதன்று. ஆலையே அதைச் செய்தது. நடுவில் எரியூட்டி பொருந்திய பெரிய தோட்டாக்களை மட்டும் மீண்டும் நிரப்ப முடிந்தது. 1884இல் ஜான் பார்லோ தொடங்கிய ஐடியல் நிறுவனம் வீட்டு வார்ப்போருக்கான அச்சுகளையும் கையேடுகளையும் விற்றது. இலக்கு நோக்கிச் சுடுவதை விளையாட்டாகக் கொண்டோருக்கு ஆயிரக்கணக்கில் குண்டுகள் வேண்டியிருந்தன. விலைக்கு வாங்கினால் கட்டுப்படியாகாது. ஆகவே அடுப்பும் சட்டியும் மீண்டும் எரிந்தன.

இலக்குச் சுடுதலுக்கென வார்க்கும் குண்டின் முகம் தட்டையானது. கூர்முனைக் குண்டு தாளைக் கிழித்துச் செல்லும். தட்டைமுகக் குண்டோ தாளில் வட்டமாகத் துளையிடும். மதிப்பெண் கணிப்பதற்கு அத்துளை உதவும். பன்னாட்டுப் போட்டிகளில் 25 மீட்டர் தொலைவில் நடைபெறும் ஒரு பிரிவில் 7.62 முதல் 9.65 மில்லிமீட்டர் வரையிலான குழல்களும், ஈயம் அல்லது அதையொத்த மென்பொருளால் ஆன குண்டுகளும் மட்டுமே ஏற்கப்படுகின்றன. கொல்வதற்குப் பிறந்த ஒரு பொருள், தாளில் வட்டம் பதிப்பதற்கென வடிவம் மாறியதை இங்கே காண்கிறோம்.

இக்குண்டுக்குத் தூய ஈயம் போதவில்லை. விரைவு மிகுந்தால் மென்மையான ஈயம் குழலின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனைக் கடினமாக்க வெள்ளீயமும், அஞ்சனக்கல்லிலிருந்து எடுக்கும் ஆண்டிமனியும் கலக்க வேண்டும். வெள்ளீயத்துக்கு உலகம் மலாயாவை நோக்கியது; 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லாரூட், கிந்தா பள்ளத்தாக்குகளின் சுரங்கங்கள் உலக வெள்ளீய உற்பத்தியில் முதலிடம் வகித்தன. ஆனால் மூன்றும் சரியான அளவில் கலந்த ஆயத்த உலோகம் ஒன்று குண்டு வார்ப்போருக்கு அருகிலேயே கிடைத்தது. அது அச்சகத்தில் இருந்தது.

6. அச்சகத்தின் ஈயம்

ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டின் நடுவில் கூட்டன்பர்க் கண்ட கைவார்ப்பு முறை, குண்டச்சின் உடன்பிறப்புப் போன்றது. எஃகு முனையில் எழுத்தைச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துப் பள்ளமாக்கி, அப்பள்ளத்தின்மேல் ஈயக் கலவையை ஊற்றினால் எழுத்து பிறக்கும். ஆண்டிமனி கலந்ததால் அக்கலவை ஆறும்போது மிகக் குறைவாகவே சுருங்கும்; எழுத்தின் நுண்ணிய விளிம்பும் கூர்மையாக நிற்கும்.

தமிழுக்கு இவ்வார்ப்பு 1577இல் கோவாவிலும் 1578இல் கொல்லத்திலும் நிகழ்ந்தது. 1578 அக்டோபர் 20ஆம் நாள் கொல்லத்தில் அச்சிடப்பட்ட 'தம்பிரான் வணக்கம்' 16 பக்கங்கள் உடையது. சீகன்பால்கு வாழ்ந்த தரங்கம்பாடிக்கு, ஜெர்மனியின் ஹால்லெ நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்துசேர்ந்தன. அவை அளவில் பெரியனவாக இருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே ஆட்லர் என்பவர் சிறிய எழுத்துகளைத் தரங்கம்பாடியிலேயே வார்த்தார். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிப் பெட்டிகளின் ஈய மூடிகளை உருக்கி அவ்வெழுத்துகளை வார்த்தனர் என்னும் செய்தி வழங்குகிறது. லிட்ச்ஃபீல்டில் சிலை குண்டானது. தரங்கம்பாடியில் பெட்டி மூடி எழுத்தானது. இரண்டு இடத்திலும் ஈயம் தேடிய கை ஒன்றே, மனம்தான் வேறு.

எழுத்தும் போரும் தமிழ்நிலத்திலும் சந்தித்தன. 1761இல் ஐயர் கூட் தலைமையிலான ஆங்கிலேயப் படை புதுச்சேரியைக் கைப்பற்றியபோது, பிரெஞ்சு ஆளுநர் மாளிகையிலிருந்த அச்சுப்பொறியும் போர்க்கொள்ளையாகச் சென்னைக்குச் சென்றது. அது வேப்பேரியில் பெப்ரீசியசிடம் ஒப்படைக்கப்பட்டது. அரசின் அச்சுப்பணி வரும்போது அதனை முதலில் செய்துதர வேண்டும் என்பது நிபந்தனை. துப்பாக்கிகளோடு கவர்ந்து செல்லப்பட்ட அப்பொறியே பின்னர்த் தமிழ் அகராதி வெளிவர உதவிய வேப்பேரி அச்சகத்தின் தொடக்கமாயிற்று.

சிங்கப்பூரில் 1887இல் மகுதூம் சாயபு தீனோதய வேந்திர சாலையிலிருந்து வெளியிட்ட 'சிங்கை நேசன்', கோலாலம்பூரில் 1924இல் தோன்றிய 'தமிழ் நேசன்', 1935இல் கோ. சாரங்கபாணியின் உழைப்பால் வளர்ந்த 'தமிழ் முரசு' ஆகிய யாவும் ஈய எழுத்தால் எழுந்தவை. உயிர், மெய், உயிர்மெய் என்று விரியும் தமிழுக்கு அறைகள் மிகுந்த பெட்டிகள் வேண்டும். அப்பெட்டியின் முன் நின்று, கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிய எழுத்துகளை விரலால் எடுத்துக் கோத்த அச்சுக்கோப்பாளர்கள் நம் இதழியல் வரலாற்றின் பெயரறியாத் தூண்கள். அவர்தம் விரல்களில் ஏறியதும் ஈயமே.

1886இல் மெர்கந்தாலரின் லைனோடைப் பொறி நியூயார்க்கில் இயங்கத் தொடங்கியபின், ஒரு முழுவரியையே ஈயக் கட்டியாக வார்த்தனர். அதன் கலவை நூற்றுக்கு 84 பங்கு ஈயம், 12 பங்கு ஆண்டிமனி, 4 பங்கு வெள்ளீயம். அது ஏறத்தாழ 240 பாகையிலேயே உருகும். தூய ஈயத்தைவிடப் பன்மடங்கு கடினமானது. 1970களில் ஒளியச்சும் கணினியும் வந்தன. நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 1978 ஜூலை மாதத்தில் ஈய எழுத்துக்கு விடைகொடுத்தது. அமெரிக்க அச்சகங்கள் வெளியேற்றிய உலோகத்தில் ஒரு பகுதி எடைக்கு விற்கப்பட்டுக் குண்டு வார்ப்போரின் சட்டியை அடைந்தது. மென்மையான ஈயத்தோடு அதைக் கலந்து இலக்குக் குண்டுகள் வார்த்தனர். நேற்றுவரை செய்தியாய் நின்ற வரிகள் இன்று தாளில் வட்டத் துளைகள் இட்டன.

7. உரிமமும் உயிரும்

எழுத்தும் குண்டும் ஒரே உலோகத்தின் இரு வடிவங்கள் என்பதை ஆட்சியாளர் நன்கு அறிந்திருந்தனர். லிட்டன் பிரபு இந்திய ஆளுநராக இருந்த 1878ஆம் ஆண்டு இரண்டு சட்டங்கள் பிறந்தன. ஒன்று இந்திய மொழி இதழ்களைக் கட்டுப்படுத்தும் தாய்மொழி அச்சுச் சட்டம். மற்றொன்று இந்தியர் உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடுக்கும் படைக்கலச் சட்டம். அச்சுச் சட்டத்தின் பிடியிலிருந்து தென்னிந்தியா விலக்கப்பட்டிருந்தது. ஆங்கில இதழ்களை அது தொடவில்லை. ரிப்பன் பிரபுவின் காலத்தில் அது நீக்கப்பட்டது. படைக்கலச் சட்டமோ விடுதலைக்குப் பின்னும் நின்று, 1959இல் புதிய சட்டத்துக்கு இடம்விட்டது. எழுத்துக்கு இட்ட பூட்டுச் சில ஆண்டுகளில் கழன்றது. குண்டுக்கு இட்ட பூட்டு நீடித்தது. இவ்வேறுபாடு மாணவர் விவாதத்துக்கு உரிய பொருள்.

நம் மண்ணிலும் ஈயத்துக்கு ஓர் உயிர் விலையானது. 1948இல் மலாயாவில் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டபின், உரிமமின்றி ஆயுதம் வைத்திருத்தல் மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அகில மலாயாத் தொழிற்சங்கக் கூட்டமைப்பின் தலைவராக இருந்த எஸ்.ஏ. கணபதி 1949இல் ரவாங் அருகே கைது செய்யப்பட்டார். அவர்மீது சாட்டப்பட்ட குற்றம், ஒரு கைத்துப்பாக்கியும் ஆறு தோட்டாக்களும் வைத்திருந்தமை. 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் அவர் தூக்கிலிடப்பட்டார். அவருடைய அரசியலைப் பற்றி அன்றும் இன்றும் கருத்து வேறுபாடு உண்டு. அதைத் தீர்ப்பது இக்கட்டுரையின் பணியன்று. கை அகலத்தில் அடங்கும் ஆறு தோட்டாக்கள் சுடப்படாமலே ஒரு மனிதரின் உயிருக்கு ஈடாயின என்பதை வரலாறு பயில்வோர் மறத்தல் கூடாது.

8. எஞ்சியிருப்பது

ஈயத்தின் காலம் இரு துறையிலும் சுருங்கி வருகிறது. நீர்ப்பறவை வேட்டையில் ஈய ரவையை அமெரிக்கா 1991இல் நாடு முழுதும் விலக்கியது. குண்டு வார்ப்போர் விரும்பித் தேடிய கார்ச் சக்கர எடைக்கட்டிகளை, புதிய கார்களில் ஈயத்தால் செய்வதை ஐரோப்பிய ஒன்றியம் 2005இல் நிறுத்தியது. குழந்தைகளின் குருதியில் ஈயத்துக்குத் தீங்கற்ற அளவென்று ஒன்று அறியப்படவில்லை என்று உலக நலவாழ்வு நிறுவனம் கூறுகிறது. ஆகவே ஈயம் உருக்கும் அடுப்புகள் அணைவதற்கு நாம் வருந்த வேண்டியதில்லை.

வருந்தத்தக்கது மற்றொன்று. ஈயத்துக்கு நினைவு இல்லை. மன்னன் சிலையாய் இருந்ததும், பெட்டி மூடியாய் இருந்ததும், நாளிதழின் தலைப்பாய் இருந்ததும் உருகியபின் அதற்குத் தெரியாது. அந்நினைவைக் காக்க வேண்டியவர்கள் நாமே. நம் நாடுகளில் தமிழ் அச்சுக்கோப்பு நின்றபின், பெட்டி பெட்டியாக எழுத்துகள் பழைய இரும்புக் கடைக்கு எடைக்குப் போயின. அவற்றோடு அத்தொழிலின் சொற்களும் மறைகின்றன. கோத்த பக்கத்தைப் 'பாரம்' என்றும், திருத்தத்துக்கு எடுக்கும் நீண்ட தாளைக் 'கேலி' என்றும் வழங்கியதை இன்று எத்தனை மாணவர் அறிவர்?

ஆசிரியர்கள் செய்யக்கூடிய எளிய பணி ஒன்று உண்டு. தம் ஊரில் அச்சகத் தொழில் புரிந்த முதியவர் எவரேனும் இருப்பின், மாணவரை அவரிடம் அனுப்பி, அவர் வழங்கிய சொற்களை எழுதிவரச் செய்யலாம். எழுத்துப் பெட்டியொன்று எங்கேனும் எஞ்சியிருந்தால் அதைப் பள்ளி நூலகத்தின் கண்ணாடிப் பேழையில் பூட்டி வைக்கலாம். தொட்டுப் பார்ப்பவர் கைகழுவ வேண்டும் என்னும் குறிப்பும் அதனருகே இருக்கட்டும். உருகாமல் எஞ்சிய ஒரு 'ழ'கரம், இவ்வுலோகம் வேறு எதுவாகவும் ஆகியிருக்கக்கூடும் என்பதையும், நம் முன்னோர் சிலர் அதை எழுத்தாகவே வைத்திருந்தனர் என்பதையும் அடுத்த தலைமுறைக்குச் சொல்லும்.